நாம் எடுத்த முடிவை இரண்டாம் பாகம் மறக்கலாமா?

2012 மார்ச் மாதம். கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள பயோவேர் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப் கேக்குகள் வந்து இறங்கின. சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறங்களில் மேலே க்ரீம். எதை எடுத்துக் கடித்தாலும் உள்ளே ஒரே வெனிலா. அனுப்பியவர்கள், பயோவேர் தயாரித்த வீடியோ கேம்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ரசிகர்கள். அந்த மாதம் 6-ம் தேதி வெளியான ‘மாஸ் எஃபெக்ட் 3’ கேமின் கிளைமாக்ஸைப் பற்றி அவர்கள் சொல்ல நினைத்தது முழுவதும் அந்தக் கேக்குகளில் இருந்தது.

கேக்குகளை பயோவேர் ஓர் இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது. கோபம் அதோடு அடங்கவில்லை. முடிவை மாற்றச் சொல்லி ரசிகர்கள் இயக்கமாகத் திரண்டார்கள். மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கித் தரும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அறக்கட்டளைக்கு, அந்த இயக்கத்தின் பெயரிலேயே 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம்வரை புகார் கொண்டுபோனார். ஜூன் 26 அன்று, கிளைமாக்ஸில் புதிய காட்சிகளைச் சேர்த்து, விளக்கங்களைக் கூட்டி, பயோவேர் அதை இலவசமாக வெளியிட்டது. வெளியாகி முடிந்துபோன ஒரு கதையின் முடிவை, ஆடியவர்கள் கேட்டார்கள் என்பதற்காகப் படைத்தவர்களே திரும்பத் தொட்டார்கள்.

‘கேம்தானே, இதற்கா இவ்வளவு?’ என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதுதான் என் கட்சி. நாவலிலோ சினிமாவிலோ நாயகன் தப்பு செய்தால் அது எழுதியவர் பாடு. கேமில் பொத்தானை அழுத்தியது நாம். யாரைக் காப்பாற்றுவது, யாரை விட்டுவிடுவது என்று கதை நம்மைக் கேட்டு, நாம் பதிலும் சொல்லிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து கதையில் நமக்கும் பங்கு உண்டு. எவ்வளவு சோகமான முடிவையும் ஆடுபவர் தாங்கிக்கொள்வார். தான் செய்ததைக் கதை மறந்துபோவதைத்தான் அவரால் தாங்க முடியாது. அந்த மறதி அம்பலமாகும் இடம், பெரும்பாலும், இரண்டாம் பாகம்.

ஒரு ஃபைல் சுமந்துவந்த கதை

மாஸ் எஃபெக்ட் முதல் பாகம் 2007 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-ல் வந்தது. இரண்டாவது 2010 ஜனவரியில், மூன்றாவது 2012 மார்ச்சில். மூன்றிலும் நாயகர் ஒருவரே: கமாண்டர் ஷெப்பர்டு. ஆணா பெண்ணா, முகம் எப்படி, குணம் எப்படி என்பதையெல்லாம் ஆடுபவரே தீர்மானிக்கலாம். விண்வெளியில் பல இனங்கள், அவற்றுக்குள் பழைய பகைகள், எல்லோரையும் ஒட்டுமொத்தமாக அழிக்க வரும் ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள். கதைக் கரு இதற்கு முன்பு கேட்டதுதான். புதுமை வேறிடத்தில் இருந்தது. முதல் பாகத்தை முடித்ததும், நீங்கள் ஆடியதைப் பதிந்துவைத்த சேவ் ஃபைல் மெமரியிலேயே இருக்கும். இரண்டாம் பாகத்தைத் தொடங்கும்போது அந்த ஃபைலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். நீங்கள் வடிவமைத்த அதே முகம், நீங்கள் செய்த அதே காரியங்களுடன் கதை தொடரும். பிறகு அதே ஃபைல் மூன்றாம் பாகத்துக்கும் போகும்.

நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டுதான் அந்த ஃபைல். யார் என்ன வைத்தார் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த விசேஷத்தில் அதைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்தாக வேண்டும்.

முதல் பாகத்தில் விர்மையர் என்றொரு கடலோரக் கிரகம் வரும். உங்கள் அணியில் ரெக்ஸ் என்ற க்ரோகன் வீரன் இருக்கிறான். அவன் இனத்துக்கு ஒரு சாபம் உண்டு. ஜெனோஃபேஜ் என்ற உயிரியல் ஆயுதத்தால், ஆயிரம் கருவில் ஒன்றுதான் பிழைக்கும். அதற்கான மருந்து, எதிரியின் கூடத்தில் தயாராகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்திருப்பதோ அந்தக் கூடத்தை அணுகுண்டு வைத்துத் தகர்க்க. ரெக்ஸ் கரையோரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பான். நீங்கள் அருகே போனதும் துப்பாக்கி உங்கள் பக்கம் திரும்பும். பேசிப் பேசி அவனை அடக்கலாம். அவனுடைய குடும்பச் சொத்தான கவசத்தை முன்பே மீட்டுக் கொடுத்திருந்தால், அந்த நன்றி உங்களுக்குக் கைகொடுக்கும். இரண்டும் இல்லையென்றால் அங்கேயே அவன் செத்து விழுவான்.

கொஞ்ச நேரம் கழித்து அதே கிரகத்தில் இன்னொரு சோதனை. ஆஷ்லி, கெய்டன் என்று உங்கள் படையில் இருவர் ஆளுக்கொரு பக்கம் எதிரிகளிடம் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரைக் காப்பாற்றத்தான் நேரம் இருக்கிறது. இங்கே பேச்சு, திறமை, முன்யோசனை எதுவும் பலிக்காது. ஒருவர் செத்தே ஆக வேண்டும். அதற்கடுத்த இரண்டு பாகங்களிலும் அந்த ஒருவர் வரவே மாட்டார். மிச்சமிருக்கும் மற்றவர் வந்து உங்கள் எதிரில் நிற்கும்போதெல்லாம், வராமல்போனவரும் சேர்ந்தே நினைவுக்கு வருவார். பல வருடம் கழித்து எடுத்து ஆடினாலும் அந்தக் கிரகத்துக்குப் போகும்போது கை தயங்குகிறது. கேம் நமக்கு வைத்த பரீட்சையில் சரியான விடையே இல்லை. அதனால்தான் அது மறப்பதில்லை.

மோர்டின் பாடிய பாட்டு

முதல் பாகம் விதைத்ததை மூன்றாம் பாகம் எப்படி அறுவடை செய்தது என்று காட்ட, டுச்சாங்கா கிரகத்துப் பகுதி ஒன்று போதும்.

சலேரியன் என்ற இன்னோர் இனத்தைச் சேர்ந்த மோர்டின் சோலஸ் என்ற விஞ்ஞானி இரண்டாம் பாகத்தில் உங்கள் அணியில் சேர்கிறார். சரசரவென்று பேசுவார். வாக்கியத்தைப் பாதியில் விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். க்ரோகன்கள் மெல்ல மெல்ல ஜெனோஃபேஜை வென்றுவந்த சமயத்தில், அதைத் திரும்ப வலுவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கணக்குப்படி செய்தது சரிதான் என்று சாதிப்பார். அவருடைய பழைய மாணவன் ஒருவன் குற்ற உணர்ச்சியில் மருந்து தேடி, க்ரோகன் பெண்களை வைத்துக் கொடூரமான ஆராய்ச்சி நடத்துகிறான். அந்த இடத்துக்கு அவரோடு நாமும் போகிறோம். ஆராய்ச்சிக் குறிப்புகளை அழிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் ஷெப்பர்டு. அந்த நேரத்தில் அது பெரிய விஷயமாகவே தோன்றாது.

மூன்றாம் பாகத்தில் அது பூதாகாரமாக வந்து நிற்கிறது. குறிப்புகளை வைத்திருந்தால், ஈவ் என்று அழைக்கப்படும் க்ரோகன் பெண் பிழைப்பாள், அழித்திருந்தால் இறப்பாள். முதல் பாகத்தில் ரெக்ஸ் பிழைத்திருந்தால் க்ரோகன் இனத்தின் தலைவன் அவன். இல்லையென்றால் அவனுடைய சகோதரன் ரீவ், பழிவாங்குவதைத் தவிர வேறு எதையும் நினைக்காதவன். இந்த நிலையில் சலேரியன் தலைவி உங்களிடம் ரகசியமாகப் பேரம் பேசுகிறாள்: மருந்தை வேலை செய்யாதபடி கெடுத்துவிடு, என் படைகளை உனக்குத் தருகிறேன்.

மருந்தைக் காற்றில் பரப்ப வேண்டிய கோபுரம் வெடித்துச் சிதறிக்கொண்டிருக்கிறது. யாராவது மேலே போய்த்தான் அதை முடிக்க முடியும். மோர்டின் லிஃப்டில் ஏறுகிறார். நீங்கள் நேர்மையாக இருந்தால், அவர் மேலே போய்ச் சேர்ந்து, சுற்றிலும் தீ எரிய, போன பாகத்தில் உங்களுக்குப் பாடிக் காட்டிய அதே வேடிக்கைப் பாட்டை மெதுவாக முணுமுணுத்தபடி வேலையை முடிக்கிறார். பாட்டு முடிவதற்குள் கோபுரம் வெடிக்கிறது. நீங்கள் பேரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால், அவரைத் தடுக்கத் துப்பாக்கியை எடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். ரெக்ஸ் உயிரோடு இருந்தால், பின்னொரு நாள் விஷயம் தெரிந்து தேடி வருவான், அவனையும் இழப்பீர்கள். ரெக்ஸும் இல்லை, ஈவும் இல்லை என்றால் மட்டும், ரீவ் கையில் ஒரு பெரும்படையைக் கொடுப்பது ஆபத்து என்று மோர்டினுக்கே புரியவைத்து, அவரை உயிரோடு திருப்பி அனுப்பலாம். மோர்டினைக் காப்பாற்ற ஒரே வழி, அதற்கு முன்பு மற்ற எல்லோரையும் கைவிட்டிருப்பது.

இதை எழுதியவர்கள் மீது எனக்கு இருக்கும் மரியாதை சாதாரணமானதல்ல. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கடற்கரையில் எடுத்த முடிவும், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கூடத்தில் எடுத்த முடிவும் சேர்ந்துதான் இங்கே ஒருவர் வாழ்வதா சாவதா என்று தீர்க்கின்றன. மோர்டின் இறந்ததற்காக பயோவேருக்கு யாரும் கேக் அனுப்பவில்லை. அழுதார்கள். இன்றுவரை அந்தத் தொடரின் உச்சம் எதுவென்று கேட்டால் டுச்சாங்காவைத்தான் சொல்கிறார்கள். சோகம் ஆடுபவரை விரட்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதே கேமின் கடைசிப் பத்து நிமிடத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரு சிறுவனின் உருவத்தில் செயற்கை அறிவு ஒன்று தோன்றி மூன்று வழிகளை நீட்டுகிறது: ரீப்பர்களை அழிக்கலாம், ஆளலாம், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்கலாம். சிவப்பு, நீலம், பச்சை. முதலில் வெளியான வடிவில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிகள் ஓடின. வெடிப்பின் நிறம் மட்டும் மாறியது. ரெக்ஸ் என்ன ஆனான், ஈவின் பிள்ளைகள் பிறந்தார்களா, நாம் சமாதானம் செய்துவைத்த இனங்கள் என்ன ஆயின, எதற்கும் பதில் இல்லை. ‘ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லும்படியான முடிவுகளாக இருக்காது’ என்ற பொருளில் கேமின் இயக்குநர் கேஸி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்பே பேட்டி கொடுத்திருந்தார். எண்ணிச் சொல்லும்படிதான் இருந்தது.

அதற்கு முன்பே ஒரு சரிவு தொடங்கிவிட்டிருந்தது. மூன்றாம் பாகத்தில் நாம் சேர்த்த நட்புகள், காப்பாற்றிய இனங்கள் எல்லாம் போர் பலம் என்ற ஒரு பட்டியலில் மதிப்பெண்களாக மாறின. முதல் பாகத்தில் மனம் கேட்காமல் உயிரோடு விட்ட, ரக்னி என்ற இனத்தின் ராணியும் கடைசியில் அந்தப் பட்டியலில் ஒரு வரி, ஓர் எண். முதல் பாகத்து முடிவில் ஆண்டர்சன், உடினா இருவரில் ஆண்டர்சனை மனித இனத்தின் பிரதிநிதியாக அமர்த்தியவர்களுக்கும், மூன்றாம் பாகத்தில் அந்த நாற்காலியில் உடினாவே உட்கார்ந்திருந்தார்.

2013 மார்ச்சில் ‘சிட்டடெல்’ என்ற கூடுதல் பகுதி வந்தது. அதன் உச்சக்கட்டம் ஷெப்பர்டின் வீட்டில் ஒரு விருந்து. உங்கள் ஆட்டத்தில் யார் யார் பிழைத்தார்களோ அவர்கள் வருவார்கள். அரட்டை அடிப்பார்கள், குடிப்பார்கள், சண்டை போடுவார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பிரபஞ்சத்தின் விதி எதுவும் அங்கே மாறுவதில்லை. ரசிகர்கள் மனம் குளிர்ந்தது அதில்தான். படத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அவரவர் செய்ததைப் பொறுத்தது. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அவ்வளவுதான்.

ஏன் முடிவதில்லை?

படைப்பாளிகள் பக்கமும் நியாயம் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

‘ஆம்’, ‘இல்லை’ என்று 10 கேள்விகள் கேட்டால் 1,024 விதமான கதைகள் உருவாகின்றன. 20 கேள்விகள் என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு கிளைக்கும் வசனம் எழுத வேண்டும், நடிகர்களைப் பேசவைக்க வேண்டும், காட்சி வடிவமைக்க வேண்டும். அத்தனையையும் எல்லோரும் பார்க்கப் போவதும் இல்லை. மாஸ் எஃபெக்டில் நல்லவழியாகிய பாராகான், முரட்டுவழியாகிய ரெனிகேட் என்று இரண்டு போக்குகள் உண்டு. ஆடியவர்களில் ஏறத்தாழ 92 சதவிகிதம் பேர் நல்லவழியில்தான் போனார்கள் என்று அதில் வேலை செய்த காட்சி வடிவமைப்பாளர் ஒருவர் 2020-ல் சொன்னார். முரட்டுவழிக்கும் அவ்வளவு உழைத்தோமே என்ற வருத்தம் அதில் தெரிந்தது.

இரண்டாம் பாகம் இதைப் பல மடங்கு சிக்கலாக்கும். மாஸ் எஃபெக்ட் இரண்டாம் பாகத்தின் கடைசிக் கட்டம், கேம் உலகில் இன்றும் பெரிதாகப் பேசப்படும் ஒன்று. உங்கள் அணியில் 12 பேர் வரை இருக்கலாம். அவர்களில் எவரும் சாகலாம், எல்லோரும் பிழைக்கலாம், எல்லோரும் செத்து ஷெப்பர்டும் சாகலாம். கப்பலைப் பலப்படுத்தினீர்களா, ஒவ்வொருவரின் சொந்தப் பிரச்னைக்கும் உடன் நின்றீர்களா, சரியான வேலைக்குச் சரியான ஆளை அனுப்பினீர்களா என்று எல்லாம் கணக்கில் வரும். அற்புதமான அமைப்பு. ஆனால் மூன்றாம் பாகம் எழுத உட்கார்ந்தவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் இறந்திருக்கலாம் என்றால், யாரை நம்பி முக்கியப் பாத்திரம் எழுதுவது? அந்த 12 பேரில் கேரஸும் டாலியும் மட்டுமே மூன்றாம் பாகத்தில் அணிக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயம், சில காட்சிகள் என்று வந்து போனார்கள். ஒரு பாகத்தில் தந்த அதிகபட்ச சுதந்திரத்துக்கு அடுத்த பாகம் விலை கொடுத்தது.

இந்த விலையைக் குறைக்கக் கேம் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி தேடின. 2000-ல் வந்த ‘டியஸ் எக்ஸ்’ மூன்று முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 2003-ல் வந்த இரண்டாம் பாகம், மூன்றுமே ஒருவிதத்தில் நடந்ததாகக் கலந்து கட்டிவிட்டது. யாரும் தோற்கவில்லை, யாருக்கும் நிறைவும் இல்லை. 2004-ல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ இரண்டாம் பாகம் எனக்குப் பிடித்த வழியைக் கண்டுபிடித்தது. முதல் பாகத்து நாயகர் ஆணா பெண்ணா, நல்லவழியா தீயவழியா என்பதை, சாதாரணமாக நடக்கும் ஓர் உரையாடலில் உங்கள் வாயாலேயே சொல்லவைத்துவிடும். நீங்கள் சொன்னதுதான் வரலாறு.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ‘தி விட்சர் 2’ துணிச்சலின் உச்சம். ரோஷ், இயோர்வெத் என்ற இருவரில் யாருடன் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயமே வேறாகிவிடும். போர்க்களத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று கதையைப் பார்ப்பீர்கள். ஒருமுறை ஆடியவர் பாதிக் கேமைப் பார்த்திருக்கவே மாட்டார். 2015-ல் வந்த மூன்றாம் பாகத்தில் ரோஷ் இருக்கிறார். இயோர்வெத் இல்லை. அவனை நம்பி அவன் பின்னால் போனவர்களுக்கு, அவன் எங்கே என்று கேட்கக்கூட இடமில்லை. ‘விட்சர் 3’ கேமைத் தலைசிறந்ததென்று கொண்டாடும் நானும் இந்த ஒன்றில் சமாதானம் ஆவதில்லை.

நூற்றுக்கணக்கிலிருந்து மூன்றுக்கு

பயோவேரின் இன்னொரு தொடர் ‘டிராகன் ஏஜ்’. 2009, 2011, 2014 என்று மூன்று பாகங்கள். ஆடியவர்களின் முடிவுகளைச் சேர்த்துவைக்க 2014-ல் ‘டிராகன் ஏஜ் கீப்’ என்ற இணையப் பக்கத்தையே உருவாக்கினார்கள். யாரை அரியணை ஏற்றினீர்கள், யாரைக் காதலித்தீர்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது என்று நூற்றுக்கணக்கான விவரங்கள் அதில் அடங்கின. பிறகு பத்து வருட இடைவெளி. 2024 அக்டோபர் 31-ல் வந்த ‘தி வெயில்கார்டு’, பழைய மூன்று பாகங்களிலிருந்தும் கேட்டுக்கொண்டது மூன்றே விஷயங்கள். மூன்றும் கடைசிப் பாகத்தைப் பற்றியவை.

பத்து வருடத்தில் பலரிடம் பழைய சேவ் ஃபைல் இருந்திருக்காது. புதிதாக வருபவரைப் பழங்கதையால் பயமுறுத்தக் கூடாது என்ற எண்ணமும் இருந்திருக்கும். எல்லாம் சரி. ஆனால் 15 வருடம் சுமந்துவந்தவரிடம் அந்தச் சுமையை இறக்கிவைத்துவிட்டு வா என்றால், அவர் எதற்கு வர வேண்டும்? வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அந்தக் கேம் முதல் காலாண்டில் 15 லட்சம் பேரைத்தான் எட்டியது, எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 50 சதவிகிதம் குறைவு என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. அதற்குக் காரணம் பல இருக்கலாம். எல்லாப் பழியையும் இதன்மேல் போட மாட்டேன். பழைய ரசிகர்கள் மனம் விட்டுப்போனதற்கு மறதியும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நினைவில் வைத்துக்கொள்வதாகச் சொன்ன கேம்

டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ 2012-ல் ஐந்து பகுதிகளாக வந்தது. லீ என்ற கைதி, க்ளெமென்டைன் என்ற எட்டு வயதுச் சிறுமி, ஊரெல்லாம் நடமாடும் பிணங்கள். நீங்கள் ஏதாவது பேசினால், இவர் இதை நினைவில் வைத்திருப்பார் என்று திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வரும். அந்த ஒற்றை வரிக்கு வயிற்றைப் பிசையும் சக்தி இருந்தது. முதல் பகுதியில் கார்லி, டக் இருவரில் ஒருவரைக் காப்பாற்றலாம். யாரைக் காப்பாற்றினாலும், மூன்றாம் பகுதியில் அவரும் இறந்துவிடுவார். கதை திரும்ப ஒரே தடத்துக்கு வந்துவிடும்.

இது ஏமாற்று வேலை என்று இரண்டாம் முறை ஆடிப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கேம் நம்மிடம் கேட்டது, கதை எங்கே போக வேண்டும் என்பதை அல்ல. ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிப்பட்ட மனிதராக நடந்துகொள்வீர்கள் என்று கேட்டது. திருடலாமா, பொய் சொல்லலாமா, இரங்கலாமா? முடிவில் லீ பிழைக்க வழியே கிடையாது. பிணமாகத் திரும்பி எழாதபடி தன்னைச் சுட்டுவிட்டுப் போகச் சொல்வதா, சுடாமல் விட்டுப் போகச் சொல்வதா என்பது மட்டுமே நம் கையில். கதைப் போக்கில் அது எதையும் மாற்றாது. அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க எதைச் சுமக்கப்போகிறது என்பதை மாற்றும்.

ஆனால் இந்த மந்திரம் ஒருமுறைதான் பலிக்கும். அடுத்தடுத்த தொடர்களிலும் இதே அமைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியபோது, அந்த அறிவிப்பை ஆடுபவர்கள் நம்புவதை விட்டுவிட்டார்கள். 2018 செப்டம்பரில் டெல்டேல் பெரும்பாலானவர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு மூடப்பட்டது. அப்போது க்ளெமென்டைனின் கடைசித் தொடர் பாதியில் நின்றிருந்தது; ஸ்கைபவுண்டு நிறுவனம் எடுத்து 2019-ல் முடித்துக் கொடுத்தது.

தேர்வே கொடுக்காமல் ஒரு தண்டனை

எதிர்முனையில் இருக்கிறது நாட்டி டாக் நிறுவனத்தின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. 2013-ல் வந்த முதல் பாகத்தில் தேர்வு என்ற பேச்சே இல்லை. மகளை இழந்த ஜோயல், கொள்ளைநோய்க்கு எதிர்ப்புச் சக்தி கொண்ட எல்லி என்ற சிறுமியை நாட்டின் குறுக்கே அழைத்துப்போகிறான். மருந்து தயாரிக்க அவள் உயிரைப் பலி கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும், மருத்துவமனையில் இருப்பவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அறுவை அறையில் கத்தியோடு ஒரு டாக்டர் வழிமறிப்பார். அவரைக் கொல்லாமல் கதை நகராது. வேறு வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தியவர்கள் நாம்தான்.

2020 ஜூன் 19-ல் இரண்டாம் பாகம் வந்தது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஆபி என்ற பெண் ஜோயலைக் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்கிறாள். பழிவாங்கப் புறப்படும் எல்லியாக சியாட்டில் நகரில் மூன்று நாள் அலைகிறோம். கதை உச்சத்துக்கு வரும் சமயத்தில் காலம் பின்னோக்கிப் போய், அதே மூன்று நாள்களை ஆபியாக ஆடச் சொல்கிறது. அவள், அந்த அறுவை அறை டாக்டரின் மகள்.

முதல் மூன்று நாள்களில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதும் பெற்றது. அதே சமயம் கடுமையான வெறுப்பையும் சந்தித்தது. ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல் விட்டார்கள். அதை எந்தக் கோபமும் நியாயப்படுத்தாது. ரசிகர்கள் என்ற பெயருக்கே அது அவமானம். ஆனால் ஆட்டத்தை நேசித்து, ஆபியைக் கையில் எடுக்க மனமில்லாமல் பாதியில் வைத்துவிட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு கட்டத்தில் ஆபியாக இருந்துகொண்டு எல்லியை நாமே அடித்து வீழ்த்த வேண்டியிருக்கிறது. முதல் பாகம் முழுக்க யாரைக் காப்பாற்றினோமோ, அவளை.

எனக்கு இது கேம் கலையின் பெரிய சாதனைகளில் ஒன்றாகத் தெரிகிறது. முதல் பாகத்தில் நாம் கொன்றது பெயர் தெரியாத ஒரு டாக்டரை. கேம்களில் அப்படி எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறோம், யாரும் கணக்குக் கேட்டதில்லை. இந்தக் கேம் ஏழு வருடம் அந்தச் சாவை நினைவில் வைத்திருந்து, அவருக்கு ஒரு பெயரும் மகளும் கொடுத்து, நம் எதிரில் கொண்டுவந்து நிறுத்தியது. நாம் கேட்ட நினைவு இதுதான். நாம் விரும்பிய விதத்தில் வரவில்லை, அவ்வளவே. தேர்வு கொடுத்துவிட்டு மறந்துபோன கேமைவிட, தேர்வே கொடுக்காமல் செய்ததை மறக்காத கேம் மேலானது.

நிறுத்தத் தெரிந்தவர்கள்

1998-லும் 2000-லும் பயோவேர் தந்த இரண்டு பாகங்களுக்கு, 23 வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 3-ல் ‘பால்டர்ஸ் கேட் 3’ வந்தது. செய்தது பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உள்ள லாரியன் நிறுவனம். ஒரு கோட்டைக்குள் நுழைய எத்தனை வழி நீங்கள் யோசித்தாலும், அத்தனைக்கும் அந்தக் கேமில் பதில் இருக்கும். அந்த வருடத்தின் பெரிய விருதுகளை எல்லாம் வாரிக்கொண்டது. அதிலும் ஒரு குறை உண்டு. பழைய பாகத்தில் அன்பால் மனம் மாற்ற முடிந்த விக்கோனியா என்ற பெண், இதில் கொடூரமான தலைமைப் பூசாரியாக வருகிறாள். அவளைத் திருத்தியவர்களின் பழைய கதை இங்கே செல்லாது.

2024 மார்ச்சில் லாரியனின் தலைவர் ஸ்வென் விங்கே, அடுத்த பாகத்தையும் கூடுதல் பகுதிகளையும் தாங்கள் செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். கல்லா நிரம்பிக்கொண்டிருக்கும்போது இப்படிச் சொல்ல மனத்திடம் வேண்டும். அதனால் உங்கள் தோழர்களை எங்கே விட்டீர்களோ, லாரியனைப் பொறுத்தவரை அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். திருத்தி எழுத அவர்கள் வரப்போவதில்லை.

வேறு சிலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ‘விட்சர் 3’ கேமின் முடிவில், நாம் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்து சிரி என்ற பெண் பேரரசி ஆகலாம், அரக்கர்களை வேட்டையாடும் விட்சர் ஆகலாம், திரும்பி வராமலும் போகலாம். 2024 டிசம்பரில் முன்னோட்டம் வெளியான நான்காம் பாகத்தில் அவள் விட்சராக நிற்கிறாள். அவளை அரியணையில் அமர்த்திவிட்டு வந்தவர்களுக்கு எழுத்தாளர்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மாஸ் எஃபெக்டின் அடுத்த கேமும் தயாராகிவருகிறது. 2012-ல் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த முடிவுகளில் எதை உண்மை என்று அது வைத்துக்கொள்ளும்? பழைய சேவ் ஃபைலைக் கேட்டாலும் சரி, ஓர் உரையாடலில் வாய்விட்டுக் கேட்டாலும் சரி. கேட்காமல் மட்டும் தொடங்கிவிட வேண்டாம்.

இதுவரை இவற்றை ஆடாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாஸ் எஃபெக்டின் மூன்று பாகங்களும் சேர்ந்த ‘லெஜண்டரி எடிஷன்’ 2021 மே மாதம் முதல் கம்ப்யூட்டரிலும் கன்சோல்களிலும் கிடைக்கிறது. சேவ் ஃபைல் தொலைந்துபோகும் கவலை இல்லை. தொடங்கும்போது யூடியூபில் வழிகாட்டி வீடியோ பார்க்காதீர்கள். விர்மையரில் ஒருவரை இழந்த பிறகு பழைய சேவுக்குத் திரும்பிப் போகாதீர்கள். முதல்முறை என்ன தோன்றுகிறதோ அதைச் செய்துவிட்டு, அதோடு மூன்றாம் பாகம்வரை போய் வாருங்கள்.